கோயில் நன்கொடையும் பரிஸ் உடன்படிக்கையும்

கேள்வி: வருடாவருடம் தலைவர்கள் விமானம் ஏறிப் போய், பச்சைவீட்டு வாயுவைக் குறைக்கிறோம் என்று கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்கள். ஏதாவது குறைந்ததா? வெங்காயம் நடுகிற எனக்கு இதில் என்ன கிடக்கிறது? மண்ணெண்ணெய் மெஷினை விட்டுவிட்டு சோலார் பம்ப் போடுவோமா என்றும் ஒரு யோசனை.
— ஒரு தோட்டக்காரர், புன்னாலைக்கட்டுவன், யாழ்ப்பாணம்

பதில்: குறையவில்லை. 1992இல் றியோ டி ஜெனீரோவில் காலநிலைச் சாசனம் பிறந்தபோது, எரிபொருளிலிருந்து உலகம் விட்ட காபனீரொட்சைட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 22 பில்லியன் தொன். இன்று அது 37 பில்லியனைத் தாண்டிவிட்டது. அதற்காக எல்லாமே நாடகம் என்று நீங்கள் கையைக் கழுவினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1997இல் வந்த கியோத்தோ உடன்படிக்கையை ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பேர் போட்டு எழுதியாயிற்று: கைத்தொழில் நாடுகள் 2008 முதல் 2012 வரையான காலத்தில், 1990இல் இருந்த அளவைவிடச் சராசரியாக 5 வீதம் குறைக்க வேண்டும். அமெரிக்கா 1998இல் கையெழுத்திட்டது. ஆனால் அதைத் தன் செனட் சபைக்கு அனுப்பவேயில்லை. கனடா 2011 டிசம்பரில், தவணை முடிய ஒரு வருடம் இருக்கும்போது, நான் விலகுகிறேன் என்று எழும்பிப் போனது. ஒரு சதம் தண்டம் இல்லை. உங்கள் ஊர்ச் சீட்டில் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் அன்று பின்னேரமே படலையில் நாலு பேர் நின்றிருப்பார்கள். ரஷ்யாவும் உக்ரேனும் இலக்கைச் சுகமாக எட்டின என்பதும் உண்மைதான். சோவியத் உடைந்து ஆலைகள் மூடப்பட்டதில் புகை தானாகவே குறைந்துவிட்டது. பட்டினி கிடந்து மெலிந்தவருக்கு உடற்பயிற்சிப் பரிசு கொடுத்த கதை.

2015இல் வந்த பரிஸ் உடன்படிக்கை கோயில் நன்கொடை. அவரவர் தொகையை அவரவரே சொல்லலாம். ஒலிபெருக்கியில் பேர் வாசிப்பார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் வந்து, முன்பு சொன்னதைவிடக் கூட்டிச் சொல்ல வேண்டும். கணக்குக் காட்டுவது கட்டாயம், சொன்னதைக் கட்டுவது கட்டாயமில்லை. அமெரிக்கா 2020இல் வெளியே போய், 2021இல் உள்ளே வந்து, 2025இல் திரும்பவும் போகிறேன் என்று கடிதம் கொடுத்தது. ஆனாலும் இந்த ஒலிபெருக்கி வெட்கத்துக்கும் ஒரு பலன் இருந்திருக்கிறது. பரிஸுக்கு முன் நூற்றாண்டு முடிவில் வெப்பம், ஆலைகள் வருமுன் இருந்ததைவிட 4 பாகை செல்சியஸ் அளவுக்குக் கூடும் என்று கணித்தவர்கள், இப்போது 3 பாகையை ஒட்டிப் பேசுகிறார்கள். சூரியத் தகடு மலிந்ததற்கும் அதில் பங்குண்டு. 3 பாகையும் நல்ல செய்தி அல்ல, சரி.

வேலை செய்த உடன்படிக்கை வேண்டுமா? உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓசோன் படையைத் தின்ற வாயுக்களை நிறுத்த 1987இல் மொன்றியலில் ஒப்பந்தம் போட்டார்கள். சேராத நாடுகளோடு அந்தச் சரக்கை வாங்கவோ விற்கவோ கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. ஏழை நாடுகள் மாறுவதற்கு ஒரு நிதியும் பிறகு வந்தது. மாற்று வாயுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓசோன் இன்று மெல்ல ஆறி வருகிறது. அந்த வாயுக்கள் பொல்லாத பச்சைவீட்டு வாயுக்களும்கூட என்பதால், கியோத்தோ செய்யாத வேலையை மொன்றியல் சத்தமில்லாமல் செய்திருக்கிறது. விலகுகிறவருக்கு நட்டம் வரும்படி எழுதியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எத்தனை தலைவர்கள் போனார்கள் என்பது புகைப்படக்காரரின் கவலை.

இனி நம் பக்கம். இலங்கையில் தலைக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு, அமெரிக்காவில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். கடன்பட்டவர்கள் அவர்களைப் போன்ற பணக்கார நாடுகள்தான். ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் தருவோம் என்று 2009இல் சொன்னவர்கள் 2020 தவணையைத் தவறவிட்டு, 2022இல்தான் அந்தத் தொகையைத் தொட்டார்கள். அதிலும் பெரும்பகுதி கடன். வங்குரோத்தான நாட்டுக்கு இன்னொரு கடனை உதவி என்று நீட்டுவது நல்ல பகிடி.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் தோட்டக்காரர்கள் பலர் இதைச் சேர்த்துக் குழப்புகிறார்கள். 2021இல் நமது அரசு இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடைசெய்ததே, அப்படிச் செய்யச் சொல்லி எந்த உடன்படிக்கையும் கேட்கவில்லை. நைதரசன் பற்றி நாடுகள் கூடிச் செய்த 2019 கொழும்புப் பிரகடனம் கேட்டது, நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாக்குவதை. விரயம் என்றால் யூரியாவில் பயிர் எடுக்காமல் விட்ட பங்கு. அதில் ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டு என்ற பச்சைவீட்டு வாயுவாக வானத்துக்குப் போகிறது, இன்னொரு பகுதி நைத்திரேற்றாக உங்கள் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று இருப்பது பல காலமாகச் சோதித்து எழுதப்பட்ட விஷயம். ஆகவே "எனக்கு இதில் என்ன" என்ற கேள்வியை வாளி போட்டு அள்ளிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

சோலார் பம்ப்? போடுங்கள். 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் மெஷினில் எண்ணெய் விலை ஒரு கடிவாளம். சூரியனில் அது இல்லை. வெயில் எறிக்கும்வரை ஓடட்டும் என்று விட்டால் வினை அங்கேதான் வரும். நமக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகக் கிடக்கிறது. உயரும் கடல்மட்டம் கீழிருந்து தள்ள, நீங்கள் மேலிருந்து உறிஞ்ச, அந்தப் படை கரையும். மெஷினால் எத்தனை மணித்தியாலம் இறைத்தீர்களோ, எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்களோ, அதற்குமேல் போகாதீர்கள். சுவிட்சை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். வீட்டுப் பெடியனிடம் விட்டால் அவன் போனைப் பார்த்தபடி மறந்துவிடுவான்.