கிண்ணம் உயரும்போது வரும் எண்ணம்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 36. கல்லூரி நூலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். மாலை ஜெபமாலை சொல்லாமல் எங்கள் வீட்டில் சோறு போட்டதில்லை.

சென்ற தவக்காலத்துக்குச் சற்று முன்பு, நன்கொடையாக வந்த பழைய ஆங்கில நூல்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸின் நாவல்கள் இரண்டு கண்ணில் பட்டன. ஒன்று 1976இல் வெளிவந்த ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’. மற்றொன்று அதே வரிசையில் ஐந்தாவதாக 1995இல் வந்த ‘மெம்னாக் தி டெவில்’. இரண்டாவது நூலின் அட்டை கிழிந்துவிட்டதால் அதைப் பதிவில் ஏற்கவில்லை. நானே வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

முதல் நாவலைப் படித்தபோது எனக்கு அச்சமே வரவில்லை, அழுகைதான் வந்தது. சாவில்லாத இரத்தக்காட்டேரியான லூயி, தன்னைத் தண்டிக்கவாவது கடவுள் இருக்கமாட்டாரா என்று தேடி அலைகிறான். நியூ ஆர்லியன்ஸ் பேராலயத்தில் குருவிடம் தன் பாவங்களை அறிக்கையிட, அதாவது பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், கேட்டுக்கொண்டிருந்த குருவையே கொன்றுவிடுகிறான். இரண்டாவது நாவலில் லெஸ்டாட் என்னும் இரத்தக்காட்டேரியைச் சாத்தான் விண்ணகத்துக்கும் நரகத்துக்கும் அழைத்துச் செல்கிறான். சிலுவை சுமந்து வரும் கிறிஸ்துவின் முன் லெஸ்டாட் நிற்கும்போது, அவரே அவனைத் தம் இரத்தத்தைப் பருக அழைக்கிறார். அவனும் பருகுகிறான். சிலுவை சுமந்தவரின் முகத்தை வெரோணிக்கா துடைத்த துகிலும் அவன் கைக்கு வந்து சேர்கிறது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் ஆறாம் நிலைக்கு வந்தபோது, துகிலைப் பிடித்திருந்த வெரோணிக்காவுக்குப் பதில் அந்தக் காட்டேரி என் கண்முன் நின்றான். ஞாயிறு பூசையில் குருவானவர் ஆண்டவரின் இரத்தமாகும் இரசம் நிறைந்த கிண்ணத்தை உயர்த்தியபோது, வாய் திறந்து கழுத்தருகே குனியும் அவன் முகம் வந்தது. பிறகு அந்த முகம் என் முகமாக மாறியது. அன்று நான் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கவில்லை. எட்டு மாதங்களாக வாங்கவில்லை.

இந்த எட்டு மாதங்களில் எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்தேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. எங்கள் பங்குத்தந்தை ‘இது பாவமே இல்லை, போங்கள்’ என்றார். வீட்டுப் படியேறுவதற்குள், அந்த முகத்தை நான் ஒரு நொடி விரும்பிப் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லையே என்று தோன்றிவிட்டது. இப்போது என்னை அடையாளம் தெரியாத கோயில்களுக்குப் பேருந்தேறிப் போகிறேன். ஜெபத்தின் நடுவே அந்த எண்ணம் வந்தால் முதலிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ஜெபமாலை முடிய இரண்டு மணி நேரமாகிறது. நூலைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். ஆண்டவரின் பெயர் அச்சான தாளை எரிப்பது பாவமாகுமோ என்ற அச்சத்தில் எரிக்கவும் முடியவில்லை. அதை எழுதியவர் 1998இல் திருச்சபைக்குத் திரும்பினார் என்று படித்து ஒரு நாள் நிம்மதியாக உறங்கினேன். 2010இல் மறுபடி வெளியேறிவிட்டார் என்று மறுநாள் படித்து நடுங்கினேன்.

வரும் மே மாதம் என் மகளுக்குப் புதுநன்மை; முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிறாள். தாய் பக்கத்தில் நின்று நன்மை வாங்காமலிருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று மாமியார் கேட்கிறார். கணவர் நல்லவர்; ‘நீ பாவி இல்லை’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறார். படுத்தால் விடியாமலே போய்விட்டால் நல்லது என்று சில இரவுகளில் தோன்றுகிறது.

நான் செய்தது சாவான பாவமா? அந்த நூலை என்ன செய்வது? எனக்குப் புத்தி பேதலிக்கிறதா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் எழுதியிருக்கும் வரியிலிருந்தே தொடங்குகிறேன். விடியாமலே போய்விட்டால் நல்லது என்ற எண்ணத்தை இன்றே உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். அது வலுத்தாலோ, எப்படிச் சாவது என்று மனம் வழி தேடத் தொடங்கினாலோ, எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அவருடன் உடனே செல்லுங்கள். மற்றவை இதற்குப் பிறகுதான்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை எளிது: புத்தி பேதலிக்கவில்லை. அந்த முகம் உங்கள் மனத்தில் எழுந்ததே என்று நன்றாக அறிந்திருக்கிறீர்கள். அது வேண்டாம் என்றும் நினைக்கிறீர்கள். நேரில் பார்த்துப் பரிசோதிக்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்வது முறையாகாது. ஆனாலும் நீங்கள் விவரித்திருப்பது எண்ணச் சுழற்சி நோய்க்கு, அதாவது மருத்துவர்கள் ஓசிடி என்று சொல்வதற்கு, மிகவும் பொருந்துகிறது; அதிலும் பாவத்தைப் பற்றிய அச்சமாக வரும் வகை அது. வேண்டாத எண்ணம் வருவதோடு அது நின்றுவிடுவதில்லை. அந்த எண்ணத்தைக் கழுவிவிட ஒரு செயலைச் செய்கிறோம், செய்ததும் சற்று ஆறுதல் கிடைக்கிறது, அந்த ஆறுதலே அடுத்த முறை அதே செயலை இன்னும் கூடுதலாகச் செய்யத் தூண்டுகிறது. பேருந்தேறிப் போய்ச் செய்யும் பாவசங்கீர்த்தனம், முதலிலிருந்து தொடங்கும் ஜெபமாலை, எழுத்தாளரின் மதவாழ்க்கையைத் தேடிப் படித்தது, கணவர் சொல்லும் பத்து ஆறுதல் எல்லாம் இந்தச் சக்கரத்தைச் சுழற்றும் கைகள்தாம்.

இதனால்தான் உங்கள் முதல் கேள்விக்கு நான் விடை சொல்லப்போவதில்லை. நான் கத்தோலிக்கன் அல்லன்; எது சாவான பாவம் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தகுதி இருந்தாலும் சொல்ல மாட்டேன். தீர்ப்புச் சொல்லும் உரிமையுள்ள உங்கள் பங்குத்தந்தை ஏற்கெனவே சொல்லிவிட்டார்; அது வீட்டுப் படி வரைகூடத் தாங்கவில்லை. என் விடை எவ்வளவு நேரம் தாங்கும்?

இத்தகைய எண்ணங்கள் யாருக்குத்தான் வருவதில்லை? இலண்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மனநோயும் இல்லாதவர்களிலேயே ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் தங்களுக்கு இப்படிப்பட்ட வேண்டாத, அருவருப்பான எண்ணங்கள் வருவதுண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த எண்ணங்களின் பொருளும் நோயாளிகளின் எண்ணங்களிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. மற்றவர்கள் ‘என்ன கண்றாவி இது’ என்று விட்டுவிடுகிறார்கள். நோயுற்றவர், இப்படி நினைத்த நான் யார் என்று விசாரணை தொடங்கிவிடுகிறார். மேலும், ஒருவர் எதை மிகவும் போற்றுகிறாரோ அதன்மேலேயே இந்த எண்ணங்கள் பாயும். பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கும் தாய்க்குத்தான் குழந்தையைக் கைதவறவிட்டுவிடுவேனோ என்ற காட்சி வருகிறது. உங்களுக்கு அது கிண்ணம் உயரும் நொடியில் வருகிறது.

நீங்கள் படித்த நாவலுக்கு வருகிறேன். அதை நானும் படித்திருக்கிறேன். வரிசையில் முதல் நூலே எனக்குப் பிடித்தது, ஐந்தாவதில் சாத்தானின் சொற்பொழிவு சற்று நீளம். 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’வில், காட்டேரியின் இரத்தத்தைக் குடிக்க வைக்கப்பட்ட மீனாவின் நெற்றியில் நற்கருணை அப்பத்தை வைத்ததும் தோல் சுட்டு வடுவாகிறது; தான் தீட்டுப்பட்டவள் என்று அவள் கதறுகிறாள். அந்த நாவலில் அப்பம் ஒரு சோதனைக் கருவி. யார் கறைபட்டவர் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆன் ரைஸின் உலகத்தில் அப்படி எதுவும் இல்லை. சிலுவையைக் கண்டு அஞ்சுவீர்களா என்று கேட்டால், அதைப் பார்க்கத் தனக்குப் பிடிக்கும் என்கிறான் லூயி. எதுவும் அவனைச் சுடாததே அவனுடைய துன்பம். நீங்கள் படித்தது ரைஸை. ஆனால் ஞாயிறுதோறும் ஸ்டோக்கரின் உலகத்தில் போய் நிற்கிறீர்கள். நெற்றி சுடுகிறதா, மனம் அசைகிறதா, அந்த முகத்தை விரும்பினேனா, வெறுத்தேனா என்று உங்களை நீங்களே சோதித்துக்கொண்டு நிற்கும்போது, பூசை காண்பதற்கு நேரம் எங்கே?

லெஸ்டாட்டின் கதை எப்படி முடிகிறது என்பதை உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அந்தப் பக்கங்களுக்கு முன்பே நூலைப் பரணில் ஏற்றிவிட்டீர்களோ என்று சந்தேகிக்கிறேன். அவன் ஒரு கண்ணை இழந்து, துகிலோடு நியூயார்க்குக்குத் திரும்புகிறான். அந்தத் துகிலைக் கண்டு கூட்டம் கூட்டமாக மக்கள் நம்பிக்கை கொள்கிறார்கள். பிறகு, இழந்த கண்ணும், வேலையைச் செவ்வனே முடித்ததற்கு நன்றி கூறும் சாத்தானின் குறிப்பும் அவனுக்கு வந்து சேர்கின்றன. அப்படியானால் அவன் கண்டது உண்மையான கிறிஸ்துவையா, சாத்தான் ஆடிக்காட்டிய கூத்தையா? கடைசி வரை அவனுக்குத் தெரியவில்லை, நூலும் சொல்வதில்லை. அந்தத் தெரியாமை அவனைச் சித்தம் கலங்கச் செய்து சங்கிலியில் பிணைக்கும் அளவுக்குக் கொண்டுபோகிறது. இதை இங்கே எழுதக் காரணம், உங்கள் சிகிச்சையின் மையமும் இதுவே: ‘நான் விரும்பிப் பார்த்தேனா, இல்லையா’ என்பதற்கு நூற்றுக்கு நூறு உறுதி கிடைக்காது, கிடைக்காமலே எழுந்து, சமைத்து, வேலைக்குப் போய், கோயிலுக்கும் போய்வரப் பழக வேண்டும். அவனுக்கு அதற்குத் துணையாக மருத்துவர் ஒருவரும் இல்லை. உங்களுக்கு உண்டு.

உங்கள் திருச்சபைக்கு இந்த நோய் புதிதன்று. இலத்தீனில் இதற்கு வழங்கிய ‘ஸ்க்ரூபுலுஸ்’ என்ற சொல்லின் பொருள் கூரான சிறு கல் என்பது. செருப்புக்குள் புகுந்த பரல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையை நிறுவிய புனிதர் இலொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, சொல்லிய பாவங்களையே மீண்டும் மீண்டும் சொல்லித் தவித்தார்; தம் அறையிலிருந்த துளை வழியாகக் குதித்துவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்த பிறகே அவர் மீண்டார். புனிதர் அல்போன்ஸ் லிகோரியாரும் இதே அச்சத்தால் வாழ்நாளெல்லாம் வதைபட்டவர். (ஆன் ரைஸ் சிறுமியாக இருந்தபோது பூசை கண்ட நியூ ஆர்லியன்ஸ் கோயில் இந்த லிகோரியார் பெயரால் அமைந்தது; லிகோரியார் 1732இல் நிறுவிய சபையினரே அதைக் கட்டினார்கள்.)

ரைஸைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும் சொல்கிறேன். இதற்குமேல் அவரைத் தேடிப் படிக்க வேண்டாம். ஆறு வயது நிறையாத அவருடைய மகள் 1972இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். மறு ஆண்டு அவர் எழுதிய முதல் நாவலில் ஐந்து வயதிலேயே நின்றுபோன கிளாடியா என்ற சிறுமி வருகிறாள். நாவலை முடித்து, பதிப்பாளர்கள் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நாள்களில், தொட்டதெல்லாம் கிருமியால் மாசுபடுகிறது என்று அஞ்சி ஓயாமல் கை கழுவுவதும், கதவு சன்னல் பூட்டுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதுமாக அவர் தவித்தார். அதுவும் எண்ணச் சுழற்சி நோய்தான். சிகிச்சை பெற்று மீண்டார். அவர் திருச்சபைக்குத் திரும்பியதும், கிறிஸ்துவை விடவில்லை என்று சொல்லிக்கொண்டே 2010இல் வெளியேறியதும் அவருடைய கணக்கு. அதில் உங்களுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது. மனநல மருத்துவர் ஒருவரை இந்த மாதத்திலேயே பாருங்கள். மூளையிலுள்ள செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் சார்ந்த மாத்திரைகளை அவர் தரக்கூடும். இந்த நோய்க்கு அவற்றின் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள்கூட ஆகலாம் என்பதால் பாதியில் நிறுத்தாதீர்கள். அதோடு, அஞ்சுவதை நேருக்கு நேர் எதிர்கொண்டு, பரிகாரச் செயலைச் செய்யாமலிருக்கப் பழகும் உளவியல் பயிற்சி ஒன்றுண்டு. அதில் தேர்ந்த உளவியலாளரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். உங்கள் மதம் விலக்கியதை எதையும் அதில் செய்யச் சொல்ல மாட்டார்கள். பேருந்தேறுவதை நிறுத்திவிட்டு ஒரே குருவிடம், உங்கள் பங்குத்தந்தையிடமே, இந்த நோயைப் பற்றிச் சொல்லி, எத்தனை நாளுக்கு ஒரு முறை பாவசங்கீர்த்தனம் என்பதை அவரே முடிவு செய்யும்படி விட்டுவிடுங்கள். ஜெபமாலை நடுவில் எண்ணம் வந்தால் வந்த இடத்திலிருந்தே தொடருங்கள். கணவர் ‘நீ பாவி இல்லை’ என்பதற்குப் பதில், ‘இது அந்த நோயின் கேள்வி, நான் விடை சொல்லப்போவதில்லை’ என்று அன்போடு சொல்லட்டும். முதல் வாரம் அவருக்கும் கடினமாக இருக்கும்.

நூலை எரிக்கவும் வேண்டாம், கடலில் போடவும் வேண்டாம். இப்போதைக்குப் பரணிலேயே கிடக்கட்டும். சிகிச்சையின் ஏதோ ஒரு கட்டத்தில் உளவியலாளர் அதை இறக்கி, செய்தித்தாளைப் பிரித்து, மற்ற நூல்களோடு அலமாரியில் வைக்கச் சொல்வார். மே மாதத்துக்குள் நன்மை வாங்கிவிட வேண்டும் என்று நாள் குறித்துக்கொள்ளாதீர்கள். அன்று உங்களால் முடிந்தாலும் முடியாவிட்டாலும், மகளின் பக்கத்தில் நிற்கலாம். மாமியாருக்கு, ‘மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரு சொல் போதும்.

எனக்கு மீண்டும் எழுதுங்கள். பாவமா என்று கேட்டு எழுதினால் என்னிடமிருந்து பதில் வராது, கோபித்துக்கொள்ளாதீர்கள். புதுநன்மைக்கு மகளுக்கு வெள்ளை உடை தைத்தாயிற்றா என்று எழுதினால் உடனே பதில் போடுகிறேன்.