‘அவுட்லாரி’ என்றால் சட்டத்தை மீறுவதா?

இல்லை. சட்டத்தை மீறுவது ஒருவன் செய்கிற செயல். அவுட்லாரி, நீதிமன்றம் அவனுக்குச் செய்வது: ‘இனி இவனுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது’ என்று அறிவிப்பது. ‘சட்டப் புறத்தாக்கம்’ என்று சொல்லலாம்.

இடைக்கால இங்கிலாந்தில் குற்றம் சாட்டப்பட்டவன் ஓடிவிட்டால், அடுத்தடுத்து கூடும் ஐந்து கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) மன்றங்களில் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். ஐந்தாவது முறையும் வராவிட்டால் அவ்வளவுதான். பொருட்கள் அரசருக்குப் போய்விடும். அவனால் வழக்குப் போட முடியாது. சோறு போட்டவர் மீதும் குற்றம் வரும். ‘ஓநாய்த் தலை’ என்று அவனைச் சொன்னார்கள். ஓநாயைப் போல யாரும் அடித்துக் கொல்லலாம் என்று பொருள். அந்த உரிமை பிற்பாடு பறிக்கப்பட்டது.

இவ்வளவு கடுமையான தண்டனை என்பதால் அறிவிப்பு நடைமுறையில் ஒரு சொல் பிசகினாலும் தப்பிக்கலாம். ஜான் வில்க்ஸ் என்ற அரசியல்வாதி பாரிசுக்கு ஓடியதால் 1764-ல் இப்படி அறிவிக்கப்பட்டார். 1768-ல் திரும்பி வந்தபோது, ஆவணத்தில் மன்றம் ‘மிடில்செக்ஸில்’ (லண்டனை ஒட்டிய கவுண்டி) கூடியது என்று இருந்ததே தவிர ‘மிடில்செக்ஸுக்காக’ என்று இல்லை எனக் காட்டி, தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் அறிவிப்பை ரத்து செய்தார். (பழைய குற்றத்துக்காகச் சிறை போனது தனிக் கதை.)

இடைக்கால ஐஸ்லாந்தில் மூன்று வருடத்துக்கு மட்டும் ஒதுக்கிவைக்கும் லேசான வகையும் இருந்தது. செந்தலை எரிக் என்ற வைக்கிங் கடலோடி அப்படி விலக்கப்பட்ட காலத்தில்தான் கிரீன்லாந்துப் பக்கம் போனார்.

இங்கிலாந்தில் சிவில் வழக்குகளில் இது 1879-லும், குற்ற வழக்குகளில் 1938-லும் ஒழிக்கப்பட்டது. இப்போது ஆங்கிலத்தில் ‘அவுட்லா’ என்றால் பெரும்பாலும் கொள்ளைக்காரன், தலைமறைவானவன் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வரலாறோ சட்டமோ எழுதும்போது மட்டும் பழைய பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.