புரோட்டீன் பவுடர் குடிக்கலாமா? முதலில் கிட்னி ரிப்போர்ட்டைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 61 வயது, உட்லண்ட்ஸில் இருக்கிறேன். எடை 60 கிலோ. பல வருடங்களாக இனிப்பு நீர். மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் எடுக்கிறேன். சைவம், முட்டை மட்டும் உண்டு. கை, கால் மெலிந்துகொண்டே வருகிறது. ஜிம்முக்குப் போகும் மகன் தன்னுடைய புரோட்டீன் பவுடரைக் குடிக்கச் சொல்கிறான். குடிக்கலாமா?

பதில்: அம்மா, பவுடர் டப்பா கொஞ்சம் காத்திருக்கட்டும். பலதுறை மருந்தகத்தில் கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டை முதலில் எடுங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா, இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் எண்) எவ்வளவு என்று பாருங்கள். கசிவு இருந்தாலோ, இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே இருந்தாலோ, மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் பவுடரைத் தொட வேண்டாம். அப்போது டயாலிசிஸ் செய்யாதவருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது உங்களுக்கு 48 கிராம். கை, கால் மெலிவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் தசை கரையும்.

ரிப்போர்ட் நன்றாக இருந்தால், உங்கள் வயதுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, நாளுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் தேவை. காலையில் தோசை, தண்ணீர் சாம்பார், மதியம் சோறு, ரசம், பொரியல், இரவு சப்பாத்தி. நம் வீடுகளில் வழக்கமான இந்தச் சாப்பாட்டில் 30 கிராம் தேறினாலே பெரிது. இதோடு இரண்டு முட்டை (12 கிராம்), 100 கிராம் தவ்குவா எனும் கெட்டி டோஃபு (12 கிராமுக்குக் குறையாது), ஒரு கிளாஸ் பால் (8), அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல் (7) சேர்த்துப் பாருங்கள். கணக்கு 70ஐ நெருங்கிவிடும், பவுடரே தேவைப்படாது. ஆனால் இதையெல்லாம் சோற்றுக்கு மேல் அடுக்கக் கூடாது, சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டு முறையும் இதுதான்: கால் தட்டு புரதம், கால் தட்டு முழுத்தானியம், பாதித் தட்டு காய்கறி, பழம்.

பசி எடுக்கவில்லை, இவ்வளவு சாப்பிட முடியவில்லை என்றால் பவுடர் கைகொடுக்கும். மகனுடைய டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள், மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். எடை கூட்டுவதற்கான பவுடர்களில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துதான் முன்னால் நிற்கும். அது சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளவையும் இருக்கின்றன. ஒரு கிண்ணம் சோற்றில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மோர்ப் புரதமோ (whey) சோயாப் புரதமோ, ஒரு கரண்டிக்கு 20 கிராம் புரதமும் 5 கிராமுக்குள் மாவுச்சத்தும் இருந்தால் சரி. சர்க்கரை போடாமல் தண்ணீரில் கலக்குங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். இதைக் குடித்துவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். கிளிபிசைட் எடுப்பவருக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கி நடுக்கம், வியர்வை வரும். ஆரம்பத்தில் சில நாள் குடிக்கும் முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு அந்தக் குறிப்போடு டப்பாவையும் எடுத்துப் போங்கள்.