உச்சியில் பந்துக்கு முடுக்கம் உண்டா?

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்தின் திசைவேக–கால வரைபடத்தில், கோடு கால அச்சை வெட்டும் இடத்தில் திசைவேகம் சுழி. அப்படியானால் முடுக்கமும் அங்கே சுழிதானே? ஆசிரியர் இல்லை என்கிறார். அச்சுக்குக் கீழே இறங்கும் கோடு, பந்தின் வேகம் குறைவதைத்தான் காட்டுகிறதா?

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வதே சரி. வரைபடத்தில் ஒரு புள்ளியின் உயரம் அந்தக் கணத்தின் திசைவேகத்தையும், கோட்டின் சாய்வு அத்திசைவேகம் மாறும் வீதத்தையும், அதாவது முடுக்கத்தையும் தருகின்றன. உயரம் சுழியாக இருக்கும் இடத்தில் சாய்வும் சுழியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டு, பந்து நொடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் கிளம்புகிறது என்றும், காற்றின் தடை இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பால் ஒவ்வொரு நொடியிலும் 9.8 குறைவதால், 0, 1, 2, 3, 4 ஆகிய நொடிகளில் திசைவேகம் முறையே 19.6, 9.8, 0, −9.8, −19.6 ஆகும். ஐந்து புள்ளிகளையும் குறித்து அளவுகோலை வைத்துப் பாருங்கள். இரண்டாவது நொடியில் சிறு வளைவோ முறிவோ இன்றி ஒரே நேர்கோடு கிடைக்கும். உச்சிக்கு இன்னும் நெருங்கிப் பார்த்தால், 1.9ஆம் நொடியில் +0.98, 2.1ஆம் நொடியில் −0.98. இடைப்பட்ட 0.2 நொடியில் மாற்றம் −1.96, வகுத்தால் அதே −9.8 வருகிறது. உச்சியை அடைந்ததும் முடுக்கம் சுழியாகி அப்படியே நீடித்திருந்தால், பந்து கீழே இறங்காமல் அந்தரத்திலேயே நின்றிருக்கும்.

இரண்டாவது ஐயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எதிர்க்குறி இங்கே திசையைக் காட்டுகிறது; வேகம் என்பது குறியை விட்டுவிட்டுப் பார்த்த அளவு மட்டுமே. கோடு அச்சை நெருங்கும்போது வேகம் குறைகிறது. அச்சைவிட்டு மேலே விலகினாலும் கீழே விலகினாலும் வேகம் கூடுகிறது. ஆகவே முடுக்கம் எதிர்க்குறி என்பதாலேயே பந்தின் வேகம் குறைகிறது என்று எழுதிவிடாதீர்கள். திசைவேகத்தின் குறியையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

கோட்டுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு இடப்பெயர்ச்சியைத் தரும். மேலுள்ள முக்கோணம் +19.6 மீட்டர், கீழுள்ளது −19.6 மீட்டர், மொத்த இடப்பெயர்ச்சி சுழி, கடந்த தொலைவு 39.2 மீட்டர். இயக்கத்தை இப்படிப் பரப்பாக வரைந்து காணும் வழியை 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிக்கோல் ஒரேம் கையாண்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

காற்றின் தடையைச் சேர்த்துக்கொண்டால் கோடு வளையும்: ஏறும்போது முடுக்கத்தின் அளவு 9.8ஐவிட மிகும், இறங்கும்போது குறையும். அசைவற்ற காற்றில், திசைவேகம் சுழியாகும் உச்சியில் மட்டும் தடையும் சுழியாகிவிடுவதால், முடுக்கம் சரியாக 9.8ஆக இருப்பது நீங்கள் கேட்ட அந்த ஒரு கணத்தில்தான்.