முதலில் டிராயர், அப்புறம் ரயில்

கேள்வி: தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை 1942-இல் போலந்தின் வார்சாவில் யூத அனாதைப் பிள்ளைகள் நடித்ததாகப் படித்து, என் ஒன்பது வயது மகளிடம் சொன்னேன். "அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் எவ்வளவு சொல்லலாம்?
- பெயர் வேண்டாமே

பதில்: எல்லாமே சொல்லலாம். ஆனால் அவர்களைக் கொல்லக் கொண்டுபோன ரயிலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் இருந்த அனாதை இல்லம் முப்பது வருஷம் நடந்திருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு நாம் கடைசி நாளையே பிடித்துக்கொள்கிறோம்.

1912-இல் க்ரோக்மல்னா தெருவில் திறந்த வீடு அது. நடத்தியவர்கள் குழந்தை மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கும் ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்காவும். நூறு பிள்ளைகள் போல இருந்தார்கள். சொந்தமாகப் பொருள் வைத்துக்கொள்ள ஆளுக்கொரு டிராயர். உள்ளே கயிறு, மணி, இறகு, கூழாங்கல். குப்பை என்று பெரியவர்கள் அதைத் தூக்கிப்போடுவது அக்கிரமம் என்று எழுதியவர் கோர்ச்சாக். (நான் என் மகனுடையதைத் தூக்கிப்போட்டிருக்கிறேன். இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.)

சண்டை வந்தால் வழக்கு. நீதிபதிகளும் பிள்ளைகள்தான். இல்லத்தின் சட்டத்தில் முதல் 99 பிரிவுகளில் எதுவுமே தண்டனை இல்லை. ஆறு மாதத்தில் ஐந்து முறை கோர்ச்சாக் தன்மேலேயே வழக்குப் போட்டுக்கொண்டார். ஒரு பையனை அடித்ததற்கு ஒன்று, ஒரு சிறுமியைத் திருடி என்றதற்கு ஒன்று. இந்த இடத்தில் உங்கள் மகள் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

பதினான்கு வயதில் வெளியே போய்விட வேண்டும். அப்படிப் போனவர்களில் சிலர் பிழைத்து முதுமை வரை வாழ்ந்தார்கள். ஒருவர் இஸ்ரேலில் ஓவியரானார்.

அப்புறம் கெட்டோ. யூதர்களைச் சுவருக்குள் அடைத்த பகுதி அது; 1940-இல் இல்லமும் அங்கே மாற வேண்டியதாயிற்று. 1942 ஜூலை 18 அன்று நாடகம். நோயாளிச் சிறுவன் அமல், வெளியே போக முடியாமல், ராஜாவின் கடிதத்துக்காக ஜன்னலோரம் காத்திருக்கும் கதை. அடுத்த மாதமே நாஜிகள் ஏறக்குறைய 200 பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றிக் கொன்றார்கள். கோர்ச்சாக்குக்குத் தப்பிக்க வழி இருந்தும் போகவில்லை. அவரும் ஸ்டெஃபானியாவும் பிள்ளைகளோடுதான் செத்தார்கள். 'கொன்றார்கள்' என்றே சொல்லுங்கள். 'சாமிகிட்ட போயிட்டாங்க' வேண்டாம்.

இன்னும் கேள்வி வரும். அந்த இல்லத்தில் ஒரு தபால் பெட்டி இருந்தது. கேட்க வரும் பிள்ளையை "எழுதிப் போடு" என்பார்களாம். பதில் யோசிக்கப் பெரியவருக்கும் நேரம் வேண்டுமே. உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா வையுங்கள். மறுநாள் காபிக்கு முன்னால் பதில் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.