மேசை ரம்பத்தை ரிலே மூலம் இயக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் தச்சுப் பட்டறையில் 2 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் பொருத்திய மேசை ரம்பம் உள்ளது. சுவிட்ச் சுவரில் தள்ளி இருப்பதால், ரிமோட்டில் இயங்கும் 12 வோல்ட் ரிலே போர்டு ஒன்றை வாங்கி, அதன் வழியாக ரம்பத்துக்கு மின்சாரம் கொடுத்தோம். ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. சில வாரங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு ஒருநாள் ரிமோட்டை அழுத்தியும் ரம்பம் நிற்கவில்லை. மெயினை அணைத்துத்தான் நிறுத்தினோம். 30 ஆம்பியர் ரிலே போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. பெரிய ரிலே போட்டால் இதே பழுது சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

உங்கள் ரிலேயில் அச்சிட்டுள்ள 10 ஆம்பியர் என்பது ஹீட்டர் போன்ற, சீரான மின்னோட்டம் எடுக்கும் சுமைக்கான அளவு. 2 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரோ 230 வோல்ட்டில் முழுச் சுமையில் ஓடும்போதே ஏறத்தாழ 11 முதல் 12 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு, அதாவது 55 முதல் 80 ஆம்பியர் வரை பாயும். ரிலேயின் தொடுமுனைகள் மூடும்போது ஒரே தட்டில் அமர்ந்துவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் சிலமுறை துள்ளிய பிறகே அமர்கின்றன. ஒவ்வொரு துள்ளலிலும் அந்தப் பெரிய மின்னோட்டம் சிறு தீப்பொறியாகப் பாய்ந்து முனையின் உலோகத்தை உருக்கும். உருகிய இரு முகங்களும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டால், ரிலேயை இயக்கும் கம்பிச்சுருளான காயிலில் மின்சாரம் நின்றாலும் ஸ்பிரிங்கால் அவற்றைப் பிரிக்க முடியாது. உங்கள் பட்டறையில் நடந்தது இதுதான். பழுதாகும் ரிலே எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பழுதாவதில்லை, ஓடவிட்டுப் பழுதாகிறது என்பதே இதில் அஞ்ச வேண்டிய விஷயம். அசையும் தொடுமுனை இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலேக்கும் இது பொருந்தும். அதுவும் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும்.

ஆகவே மோட்டாரின் மின்னோட்டத்தைச் சுமக்கும் வேலையை, மோட்டார் போன்ற பெரிய சுமைகளுக்கென்றே செய்யப்பட்ட மின்காந்த சுவிட்சான காண்டாக்டரிடம் கொடுத்துவிட்டு, ரிலேக்கு அந்தக் காண்டாக்டரின் காயிலைக் கட்டுப்படுத்தும் வேலையை மட்டும் விடுங்கள். முனைகளை மூடுவதற்காகக் காயில் இழுக்கும் கணத்தில்கூட அரை ஆம்பியருக்குக் குறைவாகவே எடுக்கும் என்பதால், உங்களிடம் உள்ளதைப் போன்ற 10 ஆம்பியர் ரிலே அதற்குத் தாராளம். ஒட்டிப்போன பழைய ரிலேயைத் தட்டிப் பிரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

காண்டாக்டர் வாங்கும்போது ஓர் இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 9 ஆம்பியர் காண்டாக்டரைக் கையில் கொடுத்து, "இது அஞ்சு ஹெச்.பி. வரைக்கும் தாங்கும்" என்று கடையில் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கானது. சிங்கிள் ஃபேஸில் அதே திறனுக்கு ஒரு கம்பியில் பாயும் மின்னோட்டம் மிக அதிகம் என்பதால், உங்கள் 2 ஹெச்.பி. மோட்டாருக்கே 9 ஆம்பியர் போதாது. ஹெச்.பி.யைப் பார்க்காமல், காண்டாக்டரின் பக்கவாட்டில் மோட்டார் சுமைக்கான ஏசி-3 என்ற வகைக்கு எதிரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். ஏசி-1 என்பதற்கு எதிரே அதைவிடப் பெரிய எண் இருக்கும். அது ஹீட்டருக்கு உரியது. ஏசி-3 அளவு 18 ஆம்பியர் உள்ளதை வாங்கினால் நிம்மதி. காயில் 230 வோல்ட்டா என்பதையும் படித்துப் பாருங்கள். 415 வோல்ட் காயில் உங்கள் இணைப்பில் உறுமிக்கொண்டு நிற்குமே தவிர சரியாக இழுக்காது. 110 வோல்ட் காயில் கருகிவிடும்.

காண்டாக்டருக்குக் கீழே, மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டம் எடுத்தால் அதை நிறுத்தச்செய்யும் ஓவர்லோடு ரிலே ஒன்று கட்டாயம் வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது கம்பியைக் காக்கும், மோட்டாரை அன்று. மோட்டாரின் நேம்பிளேட்டில் உள்ள ஆம்பியர் எவ்வளவோ அந்த அளவிலேயே ஓவர்லோடின் திருகை வையுங்கள். டிரிப் ஆகிறது என்பதற்காக ஏற்றிக்கொண்டே போக வேண்டாம். இந்த ரிலேக்கள் மூன்று ஃபேஸுக்காகச் செய்யப்பட்டவை. ஒரு முனையில் மின்னோட்டம் இல்லாவிட்டால் ஃபேஸ் போய்விட்டது என்று கருதிக் காரணமின்றி டிரிப் ஆகும். அதனால் ஃபேஸை முதல் முனை வழியாகக் கீழே இறக்கி, வெளிவரும் கம்பியை மேலே கொண்டுபோய் மூன்றாம் முனையில் மீண்டும் செலுத்தி, அங்கிருந்து மோட்டாருக்குக் கொடுங்கள். நியூட்ரல் நடு முனை வழியாகப் போகட்டும். ரீசெட்டை ஆட்டோவில் வைக்காமல் மேனுவலில் வையுங்கள்.

இனி கட்டுப்பாட்டு வயரிங். ஃபேஸிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு கம்பியை எடுத்து, முதலில் ஓவர்லோடின் 95, 96 முனைகளில் நுழைத்து வெளியே கொண்டுவாருங்கள். ஓவர்லோடு மோட்டார் கம்பியைத் தானே துண்டிப்பதில்லை, இந்த இரண்டு முனைகளை மட்டுமே திறக்கிறது. அவற்றை இணைக்காவிட்டால் அது சும்மா உட்கார்ந்திருக்கும் பொருள்தான். அங்கிருந்து கம்பி சிவப்பு ஸ்டாப் பட்டனுக்குப் போகட்டும். அது சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையாக இருக்க வேண்டும். அடுத்து உங்கள் ரிமோட் போர்டின் காமன், என்.ஓ. (ரிலே ஆனில் இருக்கும்போது மட்டும் காமனோடு இணையும்) முனைகள். அதன் பின் பச்சை ஸ்டார்ட் பட்டன். அதற்கு இணையாக, காண்டாக்டர் இழுத்திருக்கும்போது மட்டும் மூடும் அதன் 13, 14 துணை முனைகள். முடிவில் காயிலின் ஏ1. ஏ2 நேராக நியூட்ரலுக்குப் போகட்டும். ஸ்டார்ட்டிலிருந்து விரலை எடுத்த பிறகும் காண்டாக்டரைப் பிடித்து வைத்திருப்பது 13, 14 வழியாகப் போகும் மின்சாரம்தான்.

ரிமோட்டை நான் இப்படித் தொடரிணைப்பில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிமோட் ஆனில் இருந்தால் ரம்பம் ஓட அனுமதி கிடைக்குமே தவிர, அதுவாகக் கிளம்பாது; ஸ்டார்ட்டை ஒருவர் எந்திரத்தின் அருகில் நின்று அழுத்தியாக வேண்டும். ரிமோட்டை அணைத்தாலோ, போர்டுக்கு வரும் 12 வோல்ட் அடாப்டர் கெட்டாலோ காண்டாக்டர் விழுந்துவிடும், அதாவது முனைகளைத் திறந்து ரம்பத்தை நிறுத்திவிடும். மின்தடைக்குப் பிறகு மின்சாரம் திரும்பினாலும் ரம்பம் தானாகச் சுழலத் தொடங்காது. நீங்கள் முன்பு செய்திருந்த இணைப்பில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. தூசி உறிஞ்சியை ரிமோட்டில் ஆன் செய்வதில் தவறில்லை. ஒருவர் பிளேடருகே கை வைத்திருக்கும்போது ரம்பத்தைத் தூரத்திலிருந்து ஆன் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

காண்டாக்டர் விழும் ஒவ்வொரு முறையும் காயிலிலிருந்து எழும் மின்னழுத்த உதைப்பு ரிமோட் போர்டைக் குழப்பலாம். 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபேரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பரை ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே போட்டால் அது அடங்கும்.

மெயின் கம்பி 2.5 சதுர மி.மீ. செம்பாகவும், கட்டுப்பாட்டுக் கம்பி 1 சதுர மி.மீ. ஆகவும் இருக்கட்டும். மோட்டார் உடலுக்கும் இரும்பு மேசைக்கும் எர்த் அவசியம். இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுங்கள். அவர் செய்யும்போது நீங்கள் உடனிருந்து கீழ்க்கண்டவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மோட்டார் கம்பிகளைக் கழற்றிவிட்டு, கட்டுப்பாட்டுப் பகுதியை மட்டும் முதலில் இயக்க வேண்டும். ஸ்டார்ட்டை அழுத்தினால் 'டக்' என்று காண்டாக்டர் இழுத்து, விரலை எடுத்த பின்னும் நிற்க வேண்டும். ஸ்டாப், ரிமோட், ஓவர்லோடிலுள்ள டெஸ்ட் பட்டன் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாக அதை விழச்செய்ய வேண்டும். காண்டாக்டர் பிடித்திருக்கும்போது எம்.சி.பி.யை அணைத்து மீண்டும் போட்டால் அது இழுக்கக் கூடாது. இவை சரியான பிறகே மோட்டாரை இணைத்து, கிளாம்ப் மீட்டரில் வெற்றோட்ட மின்னோட்டத்தையும், பலகை அறுக்கும்போது வரும் மின்னோட்டத்தையும் பாருங்கள். அறுக்கும்போது நேம்பிளேட் அளவைத் தாண்டினால் பிளேடு மழுங்கியிருக்கலாம், அல்லது பலகையைத் தள்ளும் வேகம் அதிகம்.

காண்டாக்டரும் என்றாவது ஒட்டக்கூடியதே. பிளேடு மாற்றும்போது ஸ்டாப் பட்டனை நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மோட்டாரைத் திறந்து வேலை செய்ய வேண்டியிருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். தகுந்த ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும்.