செந்தூல் என்றால் எந்தச் செந்தூல்?

கேள்வி: எல்லாம் போனிலும் கார்டிலும் வந்துவிட்டது. கோலாலம்பூர் ரயில் நிலையங்களில் டிக்கெட் கவுண்டர்களை மூடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். சம்பளம் பேங்கில் விழும், போனில் எப்போதும் பேட்டரி இருக்கும், தினமும் அதே இரண்டு நிலையங்களுக்கு நடுவில் போய் வருவீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கிண்டல் செய்யவில்லை, லீவு நாளில் நானும் கார்டைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

ஆனால் நான் ஒன்பது வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவள். எந்த நிலையம், எந்த ரயில், எல்ஆர்டியா எம்ஆர்டியா கம்யூட்டரா என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். வேலை போன கோபத்தில் எழுதுகிறாள் என்று யாராவது ஆரம்பிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: வேலை போகவில்லை. கவுண்டர் ஷட்டரை இறக்கினார்கள், என்னை வெளியே எந்திரங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நாற்காலி போனது, அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்து எதைத் தட்டினேனோ அதையே இப்போது வெளியே நின்று தட்டுகிறேன், முட்டிவலி மட்டும் கூடுதல்.

எந்திரம் வந்ததே கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்டார், புத்ரா என்று எல்ஆர்டி இரண்டு கம்பெனியாக ஆரம்பித்த கதை தெரிந்தவர்களுக்கு மஸ்ஜித் ஜாமெக் நிலையம் ஞாபகம் இருக்கும். ஒரு தடத்தில் இறங்கி, கேட்டைத் தாண்டி வெளியே வந்து, அடுத்த தடத்துக்கு மறுபடி வரிசையில் நின்று இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும். 2011 வரைக்கும் அப்படித்தான். அந்த வரிசையில் நின்று நின்றே காலேஜுக்கு லேட்டாகப் போனவள் நான். அது ஒழிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

லண்டனைப் பார், சுரங்க ரயில் நிலையங்களின் கவுண்டர்களை 2015லேயே மூடிவிட்டார்கள் என்று ஒருவர் வருவார். சரி. அதே இங்கிலாந்தில் 2023ல் மற்ற ரயில் நிலையங்களிலும் மூடப் பார்த்தார்கள், சுமார் 7 லட்சத்து 50 ஆயிரம் கருத்துகள் வந்து குவிந்து, அக்டோபரில் அரசாங்கமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கவுண்டருக்கு யார் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் வந்ததில்லை. சம்பள நாளன்று ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டோடு வரும் வங்காளதேசத்துப் பையன்கள். காசு ஏற்றித் தட்டும் டச் என் கோ கார்டில் பழையதை நீட்டி, மகன் போனில் காசு போட்டுப் பார்த்தான், ஏறவில்லை என்று சொல்லும் அம்மாக்கள். 2022ல் வந்த புதுக் கார்டில்தான் போனை ஒட்டி வைத்துக் காசு ஏற்ற முடியும், பழையதில் முடியாது, இதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம் 60 வயது தாண்டியவர்கள். மலேசியர்கள் என்றால் பாதிக் கட்டணம்தான், ஆனால் எந்திரத்துக்கு முகம் பார்த்து வயது தெரியுமா? நான் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கேட்டு வாங்கிப் பார்ப்பேன், சில பாட்டிகள் எனக்கு அவ்வளவு வயசாகிவிட்டதா என்று கோபித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம்கூட எப்படியோ சமாளித்துவிடலாம். என்னை உறுத்துவது வேறு.

"செந்தூலுக்கு ஒரு டிக்கெட்" என்று ஒருவர் கேட்டால் கவுண்டரில் இருப்பவள் உடனே டிக்கெட் கொடுக்க மாட்டாள். "செந்தூல்ல எங்க?" என்று கேட்பாள். எல்ஆர்டியில் செந்தூல் இருக்கிறது, அடுத்து செந்தூல் தீமோர் இருக்கிறது, கம்யூட்டரில் ஒரு செந்தூல், 2023 மார்ச்சில் எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தில் செந்தூல் பாராட் என்று இன்னொன்று. நான்கு. மேப்பில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும், ஆனால் பாராட் (மேற்கு) ஒரு பக்கம், தீமோர் (கிழக்கு) ஒரு பக்கம், நடுவில் கம்யூட்டர் ஓடும் கேடிஎம் தண்டவாளம். கோவிலுக்கா, கல்யாண மண்டபத்துக்கா, யார் வீட்டுக்கு, பக்கத்தில் என்ன கடை என்று கேட்டுவிட்டுத்தான் நான் டிக்கெட் அடிப்பேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

எந்திரத்தின் பக்கம் நின்ற முதல் வருடம். மதியம் பன்னிரண்டு இருக்கும். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அங்கிள், எழுபது வயதுக்கு மேல், கையில் செய்தித்தாளில் சுற்றிய மாலை. பார்த்தவுடனே தெரிந்தது எங்கே போகிறார் என்று. நான் அப்போது இன்னொரு பெண்ணின் கார்டில் காசு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தானே திரையைத் தொட்டுத் தொட்டு எப்படியோ ஒரு பெயரைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்து, "செந்தூல்தானே மா இது?" என்றார். எட்டிப் பார்த்தேன், செந்தூல் என்று இருந்தது. தலையாட்டினேன். பின்னால் பாராட் என்று இருந்ததைப் படித்தேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே தெரியவில்லை.

நாலு மணிக்குத் திரும்பி வந்தார். மாலை அப்படியே கையில் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோட்டத்தில் ஒன்றாக வேலை செய்த கூட்டாளியாம், இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள் என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். இறங்கி விசாரித்து விசாரித்து நடந்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்களாம். என்னைத் திட்டவில்லை. நான்தான் தலையாட்டினேன் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்றுகூடத் தெரியாது. "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது மா, இங்க எங்கயாச்சும் போடலாமா?" என்று மட்டும் கேட்டார். குப்பைத் தொட்டி அவர் பக்கத்திலேயேதான் இருந்தது. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அது உன் தப்புதானே, கவுண்டர் என்ன செய்தது என்பீர்கள். என் தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபோது எனக்கு முன்னால் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் நிற்பார். இப்போது நான்கு எந்திரம், நான்கு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள், நடுவில் ஒருவர் மோனோரயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சாவு வீட்டுக்காரர்கள் வாட்சாப்பில் லொகேஷன் போட்டிருப்பார்கள், போடாமல் இருக்க மாட்டார்கள். இவரிடம் இருந்தது பொத்தான் போன். இப்போதெல்லாம் சாவுக்கும் சரி கல்யாணத்துக்கும் சரி ஒரு படத்தைத் தட்டிவிட்டால் கடமை முடிந்தது. போன வருடம் என் பெரியம்மா மகன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார், எங்கள் தாமானிலேயே (குடியிருப்பு) மூன்று தெரு தள்ளி வீடு, பத்திரிகை வைக்க வரவில்லை. குடும்பக் குழுவில் ஒரு வீடியோ, கீழே "இதையே நேரில் அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்". எப்படி ஏற்றுக்கொள்வது? அம்மா போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார், நான் மட்டும் போய் மொய் வைத்துவிட்டு வந்தேன். அதற்கு நன்றியும் அதே குழுவில்தான் வந்தது. சரி, இது இங்கே சம்பந்தமில்லாத விஷயம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கவுண்டர்களைத் திரும்பத் திறப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை மட்டும் செய்துகொடுங்கள். பழைய கார்டை மாற்றிப் புதுக் கார்டு வாங்கி நீங்களே போனில் காசு போட்டுவிடுங்கள். ஐசி கையிலேயே இருக்கட்டும். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டாகக் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். போகிற நிலையத்தின் பெயரை முழுசாக, பாராட்டா தீமோரா என்பது உட்பட, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்திரத்தின் பக்கத்தில் என்னைப் போல யாராவது நின்று இன்னொருவருக்குக் காசு போட்டுக்கொண்டிருந்தால், அந்த வேலை முடியும் வரைக்கும் காத்திருந்து, அந்தத் தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லச் சொல்லுங்கள்.